நாலாம் பாரத்தில் ஒரு பெஞ்சு

தனம்,

நீ கட்டுமாவடி போய்ச் சேர்ந்து எழுதிய கார்டு வந்தது. கொடியில் போட்ட சேலை காய்வதற்குள் உப்புப் பூத்துவிடுகிறது என்றும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே படகுகளை இழுத்துப் போடுகிறார்கள் என்றும், பேர் எழுதிய பிள்ளைகளில் பாதி வருவதில்லை என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குத் தாய் சொல்லியனுப்ப ஊரில் எத்தனையோ வார்த்தை இருக்கிறது. உத்தியோகத்துக்குப் போகிற பெண்ணுக்கு என்ன சொல்லியனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நீ பஸ் ஏறும்போது பேசாமல் நின்றுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துக் கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். நீ வாத்தியாரம்மா என்பதற்காகச் சிவப்பு மையைத் தேடாதே.

உன் கார்டில் ஒரு வரி என் மனசைவிட்டுப் போகவில்லை. ‘வராத பிள்ளைகளை எப்படி வரவைப்பது என்று தெரியவில்லை ஆத்தா’ என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உனக்கே தெரியவில்லை என்றால் இந்தச் சீமையில் வேறு யாருக்குத் தெரியும்? அந்த வருஷம் நீ என்னவெல்லாம் செய்தாய் என்பதை நீயே மறந்துவிட்டாய் போலிருக்கிறது. ஓடுகிறவளுக்குக் கால் வலிதான் தெரியும், ஓட்டத்தின் அழகு தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பார்த்ததைச் சொல்கிறேன், கேள்.

நீ எட்டாம் வகுப்பு முடித்தபோது சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காது, அரிசிக்கும் அலைய வேண்டும். எட்டுக்கு அடுத்து நாலாம் பாரம். நம் பக்கத்துப் பெண்பிள்ளை அதில் சேரவேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுதான் வழி. அங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்கு இருந்த இடம் கொஞ்சம். பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுப்பார்கள். நீ கணக்கிலும் தமிழிலும் யாருக்கும் சளைத்தவளில்லை. ஆனால் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பாதி வருஷத்தில் பட்டாளத்துக்குப் போய்விட்டார். முடிவு பார்க்கப் போன உன் அப்பா வெயில் தாழத் திரும்பி வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பேரு இல்ல தாயி” என்றார். நீ இடம் கிடைத்தவர்களின் பேரைக் கேட்கவில்லை. விட்டுப்போனவர்களில் நீ எத்தனாவது என்று கேட்டாய். விட்டுப்போனவர்களில் நீதான் முதல் என்று குமாஸ்தா சொன்னாராம், இடம் காலியானால் சொல்லியனுப்புகிறோம் என்றாராம். நீ தலையை ஆட்டிவிட்டு அப்பாவுக்குச் சோறு போட்டாய், மோர் ஊற்றினாய், இலையை எடுத்துப் போட்டாய். அதற்குப் பிறகுதான் வைக்கோல்போருக்குப் பின்னால் போய் அழுதாய். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. அழுது முடித்துவிட்டு, போனதற்குச் சாக்காக ஒரு கத்தை வைக்கோலையும் உருவிக்கொண்டு வந்தாயே, அதைப் பார்த்தபோதே இந்தப் பிள்ளை விழுந்த இடத்திலேயே கிடக்காது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த சில நாளில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். திருச்சியில் கன்யாஸ்திரீகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டலோடு சேர்க்கலாம் என்றார் ஒருவர். அந்தச் செலவு நமக்கு எட்டாது. பக்கத்துக் கீரனூரிலிருந்து தினம் பஸ்ஸில் திருச்சி போய்வரலாம் என்றார் இன்னொருவர். அப்போது ஓடியது கரி பஸ். பின்னால் அடுப்பு எரியும், மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். காலையில் போனது எப்போது திரும்பும் என்று டிரைவருக்கே தெரியாது. வாத்தியார் பயிற்சிக்கு உன் வயசு பற்றவில்லை. ஒரு வருஷம் வீட்டிலிருந்து படித்து மறுபடி பரீட்சை எழுதட்டும் என்பது உன் அப்பாவின் எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வயசுக்கு வந்த பெண்ணை ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்து மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய குடும்பம் நம் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. என் தம்பி, உன் மாமன், செய்தி தெரிந்ததும் வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டான். “பட்டணத்துப் பள்ளிக்கூடமே வேணாம்னுருச்சு. இன்னும் எதுக்குக்கா யோசிக்கிறே? தைக்கு முடிச்சுருவோம்” என்றான். அவன் மகனும் குணமான பிள்ளைதான். நான் தட்டை வாங்கி ஓரமாக வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் புளி உடைத்துக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: “கீரனூர்ல ஒரு ஹைஸ்கூல் இருக்குல்ல ஆத்தா.”

“அது பையங்க பள்ளிக்கூடம்டி.”

“போர்டுல அப்புடி எழுதல. நான் போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன்.”

சந்தைக்குப் போன இடத்தில் நீ தனியே போய் அந்த இங்கிலீஷ் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்திருக்கிறாய். உன் அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை பிடித்துப்போனது. எழுதியிருந்தால் சரி, எழுதவில்லையே, கேட்டுப் பார்ப்பதில் என்ன என்றார். மூன்று பேருமாகப் போனோம். ஹெட்மாஸ்டர் தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியுமாகப் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். அவர் கெட்டவரில்லை. பெண்பிள்ளையைச் சேர்க்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, ஆனால் அத்தனை பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்தால் ஊர் நாலு விதமாகப் பேசும், அந்தப் பேச்சைக் கேட்டு நீங்களே ஒரு மாதத்தில் நிறுத்திவிடுவீர்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கடைசியில், “ஒரு பெஞ்சு நெறையப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பாப்போம்” என்றார். மரியாதையாக மறுக்கிறார் என்று உன் அப்பாவுக்குப் புரிந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். நீ திரும்பவில்லை.

“ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேருங்க சார்?” என்று கேட்டாய்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார். “நாலு பேரு.”

“எப்ப வரைக்கும் டயம் இருக்குங்க?”

“இந்த மாசக் கடைசி” என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பு கேலியா சந்தோஷமா என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். எட்டு முடித்துவிட்டு வீட்டிலிருக்கிற பெண்கள் சுற்றுவட்டாரத்தில் யார் யார் என்று எப்படித்தான் விசாரித்தாயோ. பலசரக்குக் கடைக்காரர் மகள் அலமேலு சுலபமாகக் கிடைத்தாள். தனம் போனால் எங்கள் பிள்ளையும் போகட்டும் என்றார்கள். கிடைக்காத வீடுகள்தான் நிறைய. ஒரு வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில், பெற்றவளே பெண்ணை இப்படி வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு அலைகிறாளே என்று என் காதுபடச் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருமுனை வந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது நார்த்தாமலை ஆத்தா, வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்றாய். அந்த வயசில் எனக்கு அவ்வளவு பொறுமை இருந்ததில்லை. இந்த வயசிலும் இல்லை.

நார்த்தாமலையில் நாம் கேட்கப் போன பெண் பாக்கியம். அவள் அப்பா கல் உடைக்கிறவர். மலையடியில் உளியும் சம்மட்டியுமாக இருந்தவர் நாம் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். அடுத்த தடவை போனபோதும் வேண்டாம் என்றார். படிப்பின் அருமை பெருமையை நீ அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எது தடுக்கிறது என்று மட்டும் கேட்டாய். அவர் உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு என் பக்கம் திரும்பி, “பொம்பளப் பிள்ளைங்க ஒதுங்குறதுக்கு அங்கிட்டு எடம் இருக்காத்தா?” என்றார். அத்தனை நாள் அத்தனை பேர் பேசினோமே, ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நீ நேரே ஹெட்மாஸ்டரிடம் போய், தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் தெளிவாகக் கேட்டுவிட்டாய். அவர் சங்கடப்பட்டு, இடம் வேண்டுமானால் பின்பக்கம் இருக்கிறது, மறைப்புக் கட்ட ஆளில்லை என்றார். உன் அப்பா மறுநாள் வண்டியில் பனையோலையும் மூங்கிலும் ஏற்றிக்கொண்டு போய் அங்கே மறைப்புக் கட்டினார். அதுவரை இந்த விஷயத்தில் பட்டும் படாமலும் இருந்த மனுஷன் வேர்க்க விறுவிறுக்கக் கயிறு முறுக்கியதை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பாக்கியத்தின் அப்பா வந்து பார்த்தார். ஓலையைக் கையால் தள்ளிப் பார்த்தார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாவது பெண் செல்லம். கல்யாணமானவள். புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பெங்களூர்ப் பக்கம் முகாமில் இருந்தான். அவள் மாமனார் வீட்டில் இருந்தாள். படிக்க அவளுக்கு ஆசை. ஆனால் மாமனார் மாமியார், புருஷன்காரன் சொல்லாமல் நாங்கள் எப்படி அனுப்புவது என்றார்கள். அதுவும் நியாயம்தானே, இந்த இடத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீ அந்தப் பையனுக்கே எழுதிவிட்டாய். முன்பின் பார்த்திராத பட்டாளத்துக்காரனுக்கு, அண்ணா என்று ஆரம்பித்து, உங்கள் வீட்டில் படிக்கப் பிரியப்படுகிறார்கள், எங்களுக்கு ஒரு ஆள் குறைகிறது, உத்தரவு தர வேண்டும் என்று எழுதி, செல்லத்தின் மாமனார் முன்னிலையிலேயே படித்துக்காட்டிவிட்டுத் தபாலில் போட்டாய். மாதம் முடியப் போகிறது, பதில் இல்லை. தபால்காரரைக் கண்டால் நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடுவேன். வந்தது ஒருநாள், எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினோம். ‘படிக்கட்டும். நான் லீவில் வரும்போது எனக்கும் இங்கிலீஷ் சொல்லித் தரட்டும்’ என்று எழுதியிருந்தான். மாமனார் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, “அவனே சொன்னப்புறம் நான் என்னத்தச் சொல்ல” என்றார். செல்லம் அடுக்களைக்குள் ஓடிப்போய்விட்டாள்.

நாலு பேருமாக ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றீர்கள். அவர் பியூனைக் கூப்பிட்டு, நாலாம் பாரத்தில் வாத்தியார் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கொண்டுவந்து போடச் சொன்னார். பெரியவர்கள் யாராவது துணைக்கு வந்துபோக வேண்டும் என்றார். அந்த வேலை எனக்கு. காலையில் உங்களை விட்டுவிட்டு வந்து காட்டுவேலை பார்ப்பேன், பள்ளிக்கூடம் விடும்போது வந்து அழைத்துப் போவேன். வகுப்பில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் நீ எப்போதும் சொல்வாய். யாரோ சில பையன்கள் காலையில் உங்கள் பெஞ்சில் நெருஞ்சிமுள்ளைப் பரப்பி வைப்பார்கள் என்பதும், நீ தினமும் ஒரு பழந்துணி கொண்டுபோய் எல்லோருக்கும் முன்னால் உள்ளே நுழைந்து துடைத்துவிட்டு மற்ற மூவரையும் உட்காரச் சொல்வாய் என்பதும், வெகுநாள் கழித்துப் பாக்கியம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன்டி சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, சொன்னால் நிறுத்திவிடுவீர்கள் என்றாய். நிறுத்தித்தான் இருப்போம். கடலைச் செடி பிடுங்கும் பருவம் வருவதற்குள் முள் வைப்பதும் நின்றுவிட்டதாம். அந்தப் பையன்களில் ஒருவன் உன்னிடமே கணக்குக் கேட்டு வந்தானாம்.

இவை எல்லாவற்றையும்விட என் மனசில் நிற்பது அடுத்த கோடை. அலமேலுவுக்குக் கல்யாணமாகிவிட்டது. பெஞ்சில் மூன்று பேர். அந்தச் சமயம் பார்த்துப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி வந்தது. ஐந்தாம் பாரத்தில் ஒரு இடம் காலி, வரிசையில் அடுத்த பேர் உன்னுடையது, பிரியமிருந்தால் வரலாம் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே மாடிக் கட்டடம், பெண் வாத்தியார்கள், உன்னோடு படிக்க வகுப்பு நிறையப் பெண்பிள்ளைகள். நீ எதற்காக வைக்கோல்போருக்குப் பின்னால் அழுதாயோ அது வீடு தேடி வந்திருக்கிறது. ஹெட்மாஸ்டரும் போகச் சொன்னார். மறுநாள் காலை முற்றம் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியை வைத்துவிட்டு வந்தாய்.

“நான் போகல ஆத்தா. நான் போயிட்டா பாக்கியத்த அவங்க அப்பா நிப்பாட்டிருவாரு.”

“அவ பாடு அவளுக்கு. நீ ஒன் சோலியப் பாருடி” என்றேன். தாய் மனசு, அப்படித்தான் வரும்.

“அவள நான்தானே கூப்புட்டேன்” என்றாய்.

உனக்கு அந்தப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் ஆசை விட்டுப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும். புதுக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கேட்டைத் தாண்டுகையில் உன் நடை மெதுவாகும். ஆசையை வைத்துக்கொண்டே வேண்டாமென்று சொன்னாயே, அந்த மனசு உனக்கு எங்கிருந்து வந்தது என்று நானும் உன் அப்பாவும் எத்தனையோ நாள் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் இரண்டு பேர் பக்கமும் தேடிவிட்டோம், யாரும் அகப்படவில்லை. செய்தி கேட்ட ஹெட்மாஸ்டர் அந்த ஜூன் மாதம் தானே மாட்டுவண்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பெண்பிள்ளை வைத்திருக்கிற தகப்பன்மாரைப் பார்த்தார். நாலாம் பாரத்தில் இன்னொரு பெஞ்சு வந்தது. அவருடைய அந்த முதல்நாள் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பாக்கியம் இப்போது திருச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். செல்லம் ஆறாம் பாரம் பாதியில் புருஷனோடு பெங்களூர் போய்விட்டாள். அவன் சொன்னபடியே அவளிடம் இங்கிலீஷ் படிக்கிறானாம். அலமேலுவைக் கீரனூர்ச் சந்தையில் பார்த்தேன், இடுப்பில் பிள்ளை. உன்னை விசாரித்தாள். அவள் படித்தது ஒரு வருஷம்தான் என்று நீ வருத்தப்பட வேண்டாம். அந்த ஒரு வருஷத்தைப் பற்றி அவள் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் நீ வருத்தப்பட மாட்டாய்.

ஆகவே மகளே, கட்டுமாவடிக்கு வேறு வித்தை எதுவும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வீடுகளுக்குப் போ. கருவாடு காய்கிற வாசலில் முகம் சுளிக்காமல் உட்கார். கல்வி கண் போன்றது என்று தொடங்காதே, அதை அவர்களும் கேட்டிருப்பார்கள். எது தடுக்கிறது என்று கேள். பெரிய காரணத்தை முதலில் சொல்வார்கள். கொஞ்சநேரம் இருந்தால் உண்மையான காரணம் வெளியே வரும். அது அநேகமாகப் பனையோலை மறைப்பு மாதிரி, கையால் செய்து கொடுக்கக்கூடிய ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். நீ கூப்பிட்டு ஒரு பிள்ளை வந்துவிட்டால் அதை விட்டுவிட்டு வர உனக்கு மனசு வராது. அது உன் குணம். அதை மாற்றிக்கொள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு அப்படி இரு என்று மட்டும் சொல்வேன்.

ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். நார்த்தாமலைக்கு மேற்கே உள்ளே தள்ளி ஏதோ ஊராம். கூட அவர் மகள் கண்ணாத்தாள், உன் அந்த வயசுதான் இருக்கும். தனம் டீச்சர் வீடு இதுதானா என்று கேட்டார். பெண் இந்த வருஷம் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துப் பரீட்சை எழுதியதாம், இடம் கிடைக்கவில்லையாம், டீச்சரைக் கேட்டால் வழி சொல்லும் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். டீச்சர் கட்டுமாவடி போய்விட்டதே என்றேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரிங்க, அப்ப வாரோம் என்று திரும்பினார். அந்தப் பெண் திரும்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு என்ன தோன்றியதோ, சற்று இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தேன்.

கீரனூரில் இப்போது புது ஹெட்மாஸ்டர். நானே உள்ளே போய், நாற்காலியில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, நானே பேசினேன். நீங்கள் யாரம்மா என்று கேட்டார். உன் பேரைச் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார், தனம். இடம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து இந்தப் பிள்ளை தினம் எப்படி வரும் என்று கேட்டார். தகப்பன் தலை குனிந்தது. நம் வீட்டிலிருந்து வரும் என்றேன். சொன்ன பிறகுதான் உன் அப்பாவைக் கேட்கவில்லையே என்று நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒம் பேரு என்னாத்தா? சாப்புட்டியா?” என்று அவளைத்தான் கேட்டார். நேற்று அவள் தகரப்பெட்டியோடு வந்துவிட்டாள். உன் மூலையில்தான் படுக்கிறாள். பொங்கலுக்கு நீ வரும்போது பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

உன் ஆத்தா